ஏசி பழுதில்லை, நீங்கள் பிடித்த இடம்தான் தப்பு

மார்ச், ஏப்ரல் வந்தால் வாடகை ஆர்வி (உள்ளேயே சமைத்துத் தூங்கும் வசதி கொண்ட வண்டி) பற்றி ஒரே புகார்தான்: "டெத் வேலிக்குப் போனோம், ஏசி ஓடவே இல்லை." டெத் வேலி என்பது அமெரிக்காவில் கலிபோர்னியா-நெவாடா எல்லையில் உள்ள பாலைவனத் தேசியப் பூங்கா. வண்டி பட்டறைக்குத் திரும்பி வந்ததும் கரண்டில் சொருகினால் அதே ஏசி ஜம்மென்று ஓடும். எங்கே தங்கினீர்கள் என்று கேட்டால், பூங்காவுக்குள் வண்டி நிறுத்தித் தங்கும் மைதானமான சன்செட் கேம்ப்கிரவுண்ட் என்பார்கள். அங்கே 200-க்கு மேல் இடங்கள் உண்டு. ஒன்றில்கூட மின் இணைப்பு கிடையாது. ஆர்வி நிறுத்தலாம் என்று போட்டிருப்பது நிறுத்துவதற்கு மட்டும்தான்.

"பேட்டரி இருக்கிறதே?" இதைக் கேட்காத வாடிக்கையாளர் அபூர்வம். இருக்கிறது ஐயா. விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபேன் ஆகியவற்றுக்காக இருக்கிறது. 12 வோல்ட், 100 ஆம்ப்-ஹவர் பேட்டரியில் உள்ளது 1,200 வாட்-ஹவர். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி என்றால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 600. கூரை ஏசி ஓடும்போது இழுப்பது சுமார் 1,500 வாட். அந்த 600 எத்தனை நிமிடம் வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள், அரை மணி நேரம்கூடத் தேறாது. அதுவும் பேட்டரியிலிருந்து 120 வோல்ட் எடுத்துத் தரும் இன்வெர்ட்டர் இருந்தால்தான். பெரும்பாலான வாடகை வண்டிகளில் ஏசிக்கு அது கிடையாது. சோலார் பலகையும் இந்தக் கணக்கை மாற்றாது. கூரையில் ஒன்றிரண்டு பலகை இருப்பது பேட்டரியை நிரப்ப.

சரி, ஜெனரேட்டர்? பூங்காவின் கேம்ப்கிரவுண்டுகளில் காலை 7 முதல் இரவு 7 வரைதான் ஓட்டலாம், டெக்சஸ் ஸ்பிரிங் கேம்ப்கிரவுண்டில் அதுவும் கூடாது. உங்களுக்கு ஏசி வேண்டியது தூங்கும் நேரத்தில். மேலும், வண்டியின் பெட்ரோல் டேங்க்கிலிருந்தே குடிக்கும் ஜெனரேட்டர், டேங்க் கால் பங்குக்கு இறங்கியதும் தானாக நின்றுவிடும். அது பழுதல்ல. பாலைவனத்தில் நீங்கள் சிக்கிக்கொள்ளாமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

பூங்கா நடத்தும் கேம்ப்கிரவுண்டுகளில் மின்சாரம் உள்ளது ஃபர்னஸ் க்ரீக்கில் மட்டும், அதிலும் 18 இடங்கள்தான். அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரையிலான நாட்களுக்கு ஆறு மாதம் முன்னதாகவே பதிவு திறக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நவம்பரில் தேடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்தபடியாக ஸ்டோவ்பைப் வெல்ஸில் தனியார் நடத்தும் 14 இடங்கள். பனமின்ட் ஸ்பிரிங்ஸில் இன்னும் சில.

இவை கிடைக்காவிட்டால் பூங்காவுக்குள்ளேயே தங்க வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். ஃபர்னஸ் க்ரீக் கடல் மட்டத்துக்குக் கீழே 196 அடியில் இருக்கிறது. ஏப்ரலில் அங்கே சராசரிப் பகல் உச்சம் 32 டிகிரி செல்சியஸ், மே மாதம் 38, ஜூலையில் 47. ஒவ்வொரு 1,000 அடி ஏறும்போதும் ஏறக்குறைய 2 டிகிரி குறையும். நெவாடா பக்கம் உள்ள பியாட்டி சுமார் 3,300 அடி உயரம், 40 மைல் தூரம். 60 மைலில் உள்ள பரம்ப் ஊரில் பெரிய ஆர்வி பார்க்குகள், மளிகைக் கடை, டயர் கடை எல்லாம் உண்டு. ஒரு மணி நேரம் ஓட்டி வந்து நிம்மதியாகத் தூங்கலாம்.

மின்சாரம் உள்ள இடமே கிடைத்தாலும் எத்தனை ஆம்ப் என்று கேளுங்கள். 30 ஆம்ப் என்றால் 3,600 வாட். 50 ஆம்ப் என்றால் இரண்டு கம்பிகளில் 12,000. நடுவில் அடாப்டர் போட்டால் பிளக் பொருந்தும், அவ்வளவே. 30 ஒருநாளும் 50 ஆகாது. 30-இல் ஓர் ஏசி 13 ஆம்ப் வரை எடுக்கும்போது, 15 ஆம்ப் இழுக்கும் இன்டக்ஷன் அடுப்பில் சாம்பாரும் பக்கத்தில் ரைஸ் குக்கரும் வைத்தால் பிரேக்கர் விழத்தான் செய்யும். கேஸ் அடுப்பு எதற்கு இருக்கிறது?

சொருகும் முன், உங்கள் இடத்தில் உள்ள மின் கம்பத்துப் பிரேக்கரை அணையுங்கள். சாக்கெட் ஓட்டைகளை டார்ச் அடித்துப் பாருங்கள்: ஓரம் கருத்தோ, பிளாஸ்டிக் இளகியோ இருந்தால் வேறு இடம் கேளுங்கள். சொருகிவிட்டுப் பிரேக்கரைப் போடுங்கள். வண்டிக்குள் ஒரு வோல்ட் மீட்டர் இருக்கட்டும், எல்லோரும் ஏசி போடும் மாலை நான்கு மணிக்கு அதைப் பாருங்கள். 105-க்குக் கீழே இறங்கினால் ஏசியை அணைத்துவிடுங்கள், தயவுசெய்து. குறைந்த வோல்டேஜில் கம்ப்ரஸர் அதிக கரண்ட் இழுத்துச் சூடேறிக் கருகும். அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

வெளியே கிளம்பும்போது ஆனிங்கை (வண்டிப் பக்கவாட்டில் விரிக்கும் துணிப் பந்தல்) சுருட்டிவிட்டுப் போங்கள். வசந்தத்தில் காற்று சொல்லிக்கொண்டு வராது.

வழி விஷயம் ஒன்று. வைல்ட்ரோஸ் கேம்ப்கிரவுண்ட் 4,100 அடியில் குளுகுளுவென்று இருக்கும் என்று படித்துவிட்டு எமிக்ரன்ட் கேன்யன் சாலையில் திரும்பாதீர்கள். 25 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு அங்கே அனுமதியில்லை. நீளம் என்றால் பம்பரிலிருந்து பம்பர் வரை அல்ல, பின்னால் மாட்டிய சைக்கிள் ஸ்டாண்டையும் சேர்த்துத்தான். டௌன் பாஸ் என்ற மலைக் கணவாய் வழியாக வந்தால் 4,956 அடியிலிருந்து கிட்டத்தட்ட கடல் மட்டம் வரை இறக்கம். லோ கியரில் இறங்குங்கள். பிரேக்கிலேயே கால் வைத்து வந்தவர்களின் வண்டி வாசனை பட்டறைக்குள் நுழையும் முன்பே தெரிந்துவிடும்.

கோடையில் டெத் வேலிக்குள் வண்டியைக் கொண்டுபோகவே கூடாது என்று பல வாடகை ஒப்பந்தங்களில் இருக்கிறது. இடம் பதிவு செய்வதற்கு முன் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.