காற்றுத் தரக் குறியீடு: அந்த ஒற்றை எண்ணை எப்படிப் படிப்பது?

"இன்று காற்றுத் தரக் குறியீடு 150, மிதமானது" என்று கைபேசியில் செய்தி வருகிறது. காற்றில் உள்ள எல்லா அழுக்கையும் கூட்டிப்போட்ட கணக்கு அது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அன்றைக்கு மிக மோசமாக இருக்கும் ஒரே ஒரு மாசின் மதிப்பெண்தான் அது.

மத்திய அரசு 2015 ஏப்ரலில் தொடங்கிய தேசியக் காற்றுத் தரக் குறியீட்டில் எட்டு மாசுகள் அடக்கம்: பிஎம் 10, பிஎம் 2.5 எனும் நுண்துகள்கள், நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டு, எது அதிகமோ அதையே அந்த இடத்தின் குறியீடாகச் சொல்வார்கள். குறைந்தது மூன்று மாசுகளின் அளவு கையில் இருக்க வேண்டும். அதில் ஒன்று நுண்துகளாக இருந்தே ஆக வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓர் இடத்தில் 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் பிஎம் 2.5 துகள் 75 மைக்ரோகிராம், பிஎம் 10 துகள் 130, நைட்ரஜன் டை ஆக்சைடு 40 என்று வைத்துக்கொள்வோம். இவற்றின் மதிப்பெண் முறையே 150, 120, 50. கூட்டினால் 320 வரும், சராசரி எடுத்தால் 107 வரும். அறிவிப்பில் வருவது 150. மற்ற இரண்டும் அதற்குள் மறைந்துவிடுகின்றன. அதனால் எண்ணுக்குப் பக்கத்தில், எந்த மாசால் அந்த எண் வந்தது என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பதையும் பாருங்கள். எனக்கு எண்ணைவிட அந்தப் பெயர்தான் முக்கியமாகப் படுகிறது.

பெயர் பிஎம் 2.5 என்றால் புகை: வண்டி, அனல் மின் நிலையம், குப்பை எரிப்பு, விறகடுப்பு. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே உள்ள இந்தத் துகள் நுரையீரலின் காற்றுப் பைகள் வரை போய், அதில் ஒரு பகுதி ரத்தத்திலும் கலக்கிறது. மாரடைப்பு, பக்கவாதம் வரை இதன் பாதிப்பு நீள்கிறது. பிஎம் 10 என்றால் பெரும்பாலும் சாலைப் புழுதி, கட்டுமானத் தூசி. மூக்கையும் தொண்டையையும் பிடிக்கும். ஓசோன் கதையே வேறு. எந்தக் குழாயிலிருந்தும் அது நேராக வருவதில்லை. வண்டிப் புகையின் வாயுக்கள் வெயிலில் வினைபுரிந்து உருவாவது. ஆகவே ஓசோன் நாளில் காலை நடையைவிட மதிய வெயிலில் ஓடுவதுதான் ஆபத்து. பயிரின் இலையையும் அது கருக்கும், விளைச்சலைக் குறைக்கும். சல்ஃபர் டை ஆக்சைடு மழையோடு சேர்ந்தால் அமில மழை.

50 வரை நன்று, 100 வரை திருப்திகரம், 200 வரை மிதமானது, 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை. இதில் "மிதமானது" என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். ஆஸ்துமா போன்ற நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு மூச்சுச் சிரமம் வரலாம், இதய நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அசௌகரியம் ஏற்படலாம் என்று அரசின் விளக்கமே சொல்கிறது. "நன்று" கூடக் கொஞ்சம் தாராளம்தான். காற்றில் பிஎம் 2.5 அளவு 30 மைக்ரோகிராம் இருந்தாலும் இங்கே நன்று. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன 24 மணி நேர வரம்பு 15.

இன்னொன்று, இது பெரும்பாலான மாசுகளுக்கு 24 மணி நேரச் சராசரி. ஓசோனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் மட்டும் 8 மணி நேரம். போகி விடியலில் தெருவே தெரியாமல் புகை மூடியிருக்கும், எண் இன்னும் ஏறியிருக்காது. மாலையில் வானம் தெளிந்திருக்கும், எண் உச்சத்தில் நிற்கும். கருவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், கணக்கு அப்படி.

சரி, எண் ஏறினால் அரசு ஏதாவது செய்தாக வேண்டுமா? டெல்லி சுற்றுவட்டாரத்தில் ஆம். அங்கே 2017இல் அறிவிக்கப்பட்ட படிநிலைத் திட்டப்படி 201இல் முதல் நிலைக் கட்டுப்பாடுகள் தொடங்கும், 450ஐத் தாண்டினால் நான்காம் நிலை. அந்த ஏற்பாடு டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் உரியது. நாடு முழுமைக்குமான அளவுகோல் 2009 நவம்பரில் அறிவிக்கப்பட்ட காற்றுத் தர வரம்புகள். அதில் 12 மாசுகள். பிஎம் 2.5க்கு ஒரு நாளில் 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 40. ஆண்டில் 98 சதவீத நேரம் ஒரு நாள் வரம்புக்குள் இருக்க வேண்டும். மீதி 2 சதவீதத்தில் மீறலாம், ஆனால் அடுத்தடுத்து அளவெடுக்கும் இரண்டு நாட்களில் மீறக் கூடாது. புகார் எழுதும்போது குறியீட்டு எண்ணைவிட இந்த வரம்பை மேற்கோள் காட்டுவது பலம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் ஒவ்வொரு நிலையத்தின் எண்ணும் மணிக்கொரு முறை வரும். குப்பை எரிப்பு, புகை கக்கும் ஆலை பற்றிப் படத்தோடு புகாரும் அதிலேயே கொடுக்கலாம். படம் எடுக்கும்போது நேரமும் இடமும் பதிவாகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புகை கலைந்த பிறகு உங்கள் கையில் மிஞ்சுவது அது ஒன்றுதான்.