வேற்றினத் தத்து: 'இனம் கடந்த' என்பது ஏன் பொருந்தாது

நாகர்கோவிலில் நண்பர்கள் சிலர் கூடி மாதம் ஒரு படம் பார்ப்போம். போன மாதம் ஓர் அமெரிக்கப் படம், பெரிய கம்பெனிப் பணம் இல்லாமல் எடுத்தது. வெள்ளைக்காரத் தம்பதி எடுத்து வளர்த்த கறுப்பினப் பெண் தான் யார் வீட்டுப் பிள்ளை என்று தேடுகிற கதை. சிரிக்கவும் வைத்தது, தொண்டையையும் அடைத்தது. முன்னுரை பேசியவர் 'இனம் கடந்த தத்தெடுப்பு' என்று ஆறேழு தடவை சொன்னார். பத்திரிகைகளிலும் இதையே வாசித்துப் பொறுத்திருந்தேன். இனியும் பொறுப்பதற்கில்லை.

தத்து வடசொல். 'தத்த' என்றால் கொடுக்கப்பட்டது. குழந்தை தத்தித் தத்தி நடப்பதற்கும் இதற்கும் உறவில்லை. இதையே சொல்லும் இன்னொரு வடசொல் சுவீகாரம், தனதாக்கிக்கொள்வது என்று பொருள். ஆங்கில அடாப்ஷனுக்கு வேர் 'தெரிந்தெடு' என்ற இலத்தீன் வினை. இலங்கைத் தமிழில் மகவேற்பு என்றொரு சொல் உண்டு. தூய தமிழ், பொருளும் தெளிவு. அதை நான் மதிக்கிறேன். ஆனால் தத்து எங்கள் மண்ணில் ஊறிய சொல். எங்கள் ஊரை அன்று ஆண்ட திருவிதாங்கூர் அரண்மனையில் மருமக்கள்வழி, அதாவது சகோதரியின் பிள்ளைகளுக்கே வாரிசுரிமை. அதனால் அது வாரிசுக்காகப் பெண்பிள்ளைகளைத் தத்தெடுத்தது. 1900-இல் மாவேலிக்கரையிலிருந்து வந்த சேது லட்சுமி பாயியும் சேது பார்வதி பாயியும் அப்படி வந்தவர்கள்தாம். அந்தச் சொல்லைத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு மனம் வராது.

என் வழக்கு 'கடந்த' என்பதோடுதான். ஆங்கிலத்தில் இதை 'டிரான்ஸ்ரேஷியல் அடாப்ஷன்' என்பார்கள். அந்த 'டிரான்ஸ்' என்ற முன்னொட்டைக் கண்டதும் கை தானாகக் 'கடந்த' என்று எழுதிவிடுகிறது. தமிழில் சாதி கடந்த, மதம் கடந்த என்றால் என்ன பொருள்? சாதியை ஒதுக்கிவைத்தார்கள், அதைவிட மேலே போய்விட்டார்கள் என்று பொருள். அது பாராட்டு. அப்படியானால் 'இனம் கடந்த தத்து' என்று சொன்ன உடனேயே வளர்த்தவர்களுக்கு மாலை போட்டாகிவிட்டது. படமோ நேர்மாறாகச் சொல்கிறது. நாங்கள் நிறம் பார்ப்பதில்லை என்று பெற்றோர் நம்புகிறார்கள்; தெருவில் இறங்கியதும் பிள்ளையின் நிறத்தை ஊரே பார்க்கிறது. யார் எதைக் கடந்தார்கள்?

கதையை என் பெரியம்மையிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பிள்ளைக்க முடி சுருட்டையாக்கும். அந்த அம்மைக்கு அத சீவிவிடத் தெரியுமா?" கடந்துபோகாத இனம் அந்தச் சீப்பில் இருக்கிறது.

இன்னொரு சோதனை. 1972-இல் அமெரிக்கக் கறுப்பினச் சமூகப் பணியாளர்களின் தேசியச் சங்கம், கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் வீடுகளுக்குக் கொடுப்பதை எதிர்த்து அறிக்கை விட்டது. பிள்ளை தன் அடையாளத்தை இழந்துவிடும் என்பது அவர்கள் கவலை. இதை 'இனம் கடந்த தத்தை எதிர்த்தார்கள்' என்று எழுதிப் பாருங்கள். ஏதோ இனவெறி பிடித்தவர்கள் போலத் தோன்றும். அதன்பின் 1994-இலும் 1996-இலும் வந்த சட்டங்கள், இனத்தைக் காரணம் காட்டித் தத்துக் கொடுப்பதைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்றன. இரு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிற வழக்கில், பெயரே ஒரு பக்கம் சாயலாமா?

'இனக்கலப்புத் தத்து' என்பாரும் உண்டு. அது இன்னும் மோசம். கலப்பினம் என்பது எங்கள் ஊரில் தென்னங்கன்றுக்கும் பசுவுக்கும் சொல்வது. இங்கே எதுவும் கலக்கவில்லை. ஓர் இனத்துப் பிள்ளை வேறோர் இனத்து வீட்டில் வளர்கிறது. அதைச் சொல்ல 'வேற்றினத் தத்து' போதும். வேற்றூர், வேற்றுமொழி போல வேற்றினம். புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை.

'வேற்று' என்றால் பிள்ளையை அந்நியமாக்குகிறதே என்று நண்பர் ஒருவர் சொன்னார். நல்ல கேள்விதான். ஆனால் அந்த அடை இனத்தோடு ஒட்டுகிறது, பிள்ளையோடு அல்ல. அதோடு, பிள்ளைக்கும் பெற்றோர் வேற்றினம்தான். சொல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிற்கிறது.

மொழிபெயர்ப்பவர்கள் முன்னொட்டுக்கு ஒன்று, பகுதிக்கு ஒன்று என்று அகராதியிலிருந்து பொறுக்கி ஒட்டுகிறார்கள். ஒட்டியதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதில்லை. இந்தத் தத்தெடுப்பையே பாருங்கள்: எம்.பி. கிராமத்தைத் தத்தெடுக்கிறார், கம்பெனி குளத்தைத் தத்தெடுக்கிறது, பூங்காவில் புலியைத் தத்தெடுக்கிறார்கள். பொறுப்பேற்றார், பராமரிக்கிறார் என்று எழுத என்ன தடை? வளர்ந்த தத்துப்பிள்ளை ஒருவர் அந்தச் செய்தியை வாசித்தால், தன்னையும் குளத்தையும் ஒரே சொல்லில் கட்டியிருப்பது உறைக்காதா?

முன்னுரை பேசியவருக்கு இவ்வளவையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். தனித்தமிழ் வேண்டுமென்றால் 'வேற்றின மகவேற்பு' என்று வைத்துக்கொள்ளட்டும், எனக்குச் சம்மதம். பேச்சில் 'வேற இனத்துப் பிள்ளைய எடுத்து வளத்தாவ' என்றால் வடசேரிச் சந்தையிலும் புரியும்.