பாட்டுல அந்த இடம் வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி

குளிர்கால லீவ்ல சாயங்காலம் ஆகுறதுக்குள்ளயே இருட்டிடுது, மனசும் டல்லாயிடுது, ஆனா பழகின பண்டிகைப் பாட்டு ஒண்ணு காதுல விழுந்தா உள்ள விளக்கு போட்ட மாதிரி இருக்கே, எப்படின்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

இருட்டு விஷயம் தெரிஞ்சதுதான். கண்ணுக்குள்ள போற வெளிச்சம் குறைஞ்சா மூளையோட கடிகாரம் தடுமாறும், தூக்கம் கெடும், மூடு இறங்கும். சிலருக்கு அது நிஜமான மனச்சோர்வாவே வருது, 1984-ல நார்மன் ரோசென்தால்ங்கிற மனநல மருத்துவரோட குழு அதை விவரிச்சு பேர் வச்சாங்க. அந்த அளவுக்குப் போனா டாக்டரைப் பாருங்க, பாட்டை மட்டும் நம்பாதீங்க.

இப்ப பாட்டுக்கு வருவோம். 2011-ல மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்துல சலிம்பூர், ஸடோர் குழு ஒரு சோதனை பண்ணாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை இது. எந்தப் பாட்டு கேட்டா உங்களுக்கு மயிர்க்கூச்செறியுமோ அதைக் கொண்டு வாங்கன்னு சொல்லி, ராக்லோப்ரைடுங்கிற மருந்துல கதிரியக்க கார்பன்-11 சேர்த்து ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தாங்க. டோபமைன்ங்கிறது ஆசைப்பட்டது கிடைக்கும்போது மூளை விடுற ஒரு ரசாயனம், அது உட்கார வேண்டிய சீட்டுல இந்த மருந்து போய் உட்கார்ந்துக்கும். பாட்டு கேட்டு மூளை தன்னோட டோபமைனை விட்டுச்சுன்னா சீட்டுல கொஞ்சத்தை அதுவே பிடிச்சுக்கும், மருந்துக்கு இடம் குறையும், ஸ்கேன்ல அந்த இடம் மங்கும். அதாவது படம் எங்க மங்குதோ அங்கதான் சந்தோஷம்! கார்பன்-11 இருபதே நிமிஷத்துல பாதி கரைஞ்சிடும், அதனால செஞ்ச கையோட ஓட்டமா எடுத்துட்டு வந்து போடணும். இந்த மாதிரி வேலைக்கு இன்னும் தாராளமா காசு ஒதுக்கணும்னு நான் எப்பவும் சொல்லுவேன்.

ஆனா இந்த ஸ்கேன் மெதுவானது, எந்த நொடியில என்ன நடந்துச்சுன்னு காட்டாது. அதனால அதே ஆளுங்களை, மூளையில ரத்த ஓட்டம் எங்க கூடுதுன்னு இன்னும் வேகமா காட்டுற எஃப்எம்ஆர்ஐ மெஷின்லயும் படுக்க வச்சாங்க. கை முடி சிலிர்க்கிற அந்த நொடியில ‘நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ்’ங்கிற பகுதி துள்ளுது, சரி, ஆனா அதுக்குச் சில நொடி முன்னாடியே, இதோ வரப்போகுதுன்னு காத்திருக்கும்போதே, ‘காடேட்’ங்கிற இன்னொரு பகுதி முழிச்சுக்குது! பல்லவிக்கு முன்னாடி எல்லாரும் மூச்சை இழுப்பாங்களே, அந்த இடம். வருஷா வருஷம் கேட்ட பாட்டுன்னா அந்த இடம் நமக்கு மனப்பாடம், பண்டிகைப் பாட்டு இவ்வளவு வேலை செய்றதுக்கு இதுதான் காரணம்னு எனக்குத் தோணுது.

பாட்டை 432 ஹெர்ட்ஸ்ங்கிற சுருதியில கேட்டா நோய் தீரும்னு ஃபார்வர்டு வந்தா நம்பாதீங்க, அதுக்கு ஆதாரம் கிடையாது. காத்திருப்புக்கு உங்களுக்குப் பழகின பாட்டு போதும்.

முடிஞ்சா நாலு பேரோட சேர்ந்து பாடுங்க. நீளமான வரியைப் பாட மூச்சை மெதுவா விடணும், மூச்சை விடும்போது இதயம் கொஞ்சம் நிதானமாகும், எல்லாரும் ஒரே இடத்துல மூச்சு வாங்குறதால இதயத்துடிப்பு சேர்ந்தே ஏறி இறங்குதுன்னு 2013-ல ஸ்வீடன்ல பாடகர் குழுவை வச்சு அளந்து பார்த்திருக்காங்க.