வீடு இல்லாத இடத்தில் விளக்கும் இல்லை

எங்கள் ஊருக்குள் பேருந்து வராது. மெயின் ரோட்டில் இறங்கி அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். வழியில் ஒரு சின்னப் பாலம், அதைத் தாண்டி ஒரு வளைவு, வளைவில் ஒரு புளியமரம். மில்லில் வேலை முடிந்து ஒன்பது மணி வண்டியில் இறங்கும் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, செல்போன் டார்ச்சைத் தரையில் அடித்துக்கொண்டே வருவார்கள். ஊருக்குள் நுழைந்துவிட்டால் வரிசையாக விளக்கு எரியும். கோயில் முன்னால் மட்டும் மூன்று. "எல்லாரும் படுத்துட்ட தெருவுக்கு இவ்வளவு வெளிச்சம், நாங்க நடக்கிற வழிக்கு ஒண்ணுகூட இல்லையே, ஏன் தம்பி?" என்று அவர்களில் ஓர் அக்கா கேட்டார்.

யாரோ ஒருவரின் அலட்சியம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விசாரித்துப் பார்த்தால், சட்டம், கம்பி, பணம் மூன்றும் சேர்ந்து விளக்கை வீட்டு வாசல்களை நோக்கியே இழுக்கின்றன.

முதலில் சட்டம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 110-ஆம் பிரிவு கிராம ஊராட்சியின் கடமைகளைச் சொல்கிறது. சாலை, வடிகால், குடிநீர் ஆகியவற்றோடு தெருவிளக்கும் அதில் இருக்கிறது. ஆனால் இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, ஊராட்சியின் நிதி எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான். இரண்டு, குடியிருப்புகள் அமைந்த பகுதியில் உள்ள பொதுச் சாலைகளுக்கும் பொது இடங்களுக்கும்தான் விளக்குப் போடுவது கடமை. பேருந்து நிறுத்தத்திலிருந்து ஊர் வரையிலான பாதை, ஊருக்கும் காலனிக்கும் நடுவே வயலைக் கடக்கும் பாதை, சுடுகாட்டுப் பாதை இவையெல்லாம் இந்த வரையறைக்கு வெளியே போய்விடுகின்றன. போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கடமைப் பட்டியலில் இல்லாத வேலை கடைசியில்தான் வரும்.

'பொதுச் சாலை' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. புதிதாக மனை போட்டு விற்றவர் சாலைகளை ஊராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்காவிட்டால், அந்தத் தெரு ஊராட்சியின் தெருவே அல்ல. அங்கே வீடு கட்டிக் குடியேறியவர்கள் வருடக்கணக்கில் இருட்டில் இருப்பதற்குப் பல சமயம் அந்த ஒரு பத்திரம்தான் காரணம்.

அடுத்தது கம்பி. வீட்டு லைன் போகும் கம்பத்தை அண்ணாந்து பாருங்கள். பழைய முறையில் இழுத்த இடங்களில் ஐந்து கம்பிகள் தெரியும். மூன்று பேஸ், ஒரு நியூட்ரல், ஐந்தாவது தெருவிளக்குக்கென்றே தனியாக ஓடுவது. அதற்குத் தனி சுவிட்ச், தனி மீட்டர். சாயங்காலம் அந்த ஒரு சுவிட்சைப் போட்டால் வரிசையாக எல்லா விளக்கும் எரிவது இதனால்தான். ஏற்கெனவே கம்பமும் ஐந்தாவது கம்பியும் இருந்தால், ஒரு பிராக்கெட்டும் ஒரு எல்.இ.டி. விளக்கும் வாங்கினால் வேலை முடிந்தது. கம்பம் இருந்து கம்பி மட்டும் இல்லையென்றால் இழுக்க வேண்டும். கம்பமே இல்லையென்றால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலிருந்து ஆள் வந்து அளந்து, மதிப்பீடு போட்டு, அந்தத் தொகையை ஊராட்சி முன்கூட்டியே கட்ட வேண்டும். எங்கள் பாதை ஓரம் கம்பங்கள் இருக்கின்றனவே என்றால், அவற்றில் ஓடுவது 11,000 வோல்ட் லைன். அதிலிருந்து ஒரு பல்புக்கு மின்சாரம் எடுக்க முடியாது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விளக்கு ஒருமுறைச் செலவு, கரண்ட் பில் மாதாமாதம் வரும் செலவு. புதிய விளக்குக்கு ஊராட்சி யோசிப்பது பெரும்பாலும் இரண்டாவதை நினைத்துத்தான்.

சரி, வரிசையாக விளக்கு எரியும் தெருவிலாவது வெளிச்சம் போதுமா? இதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் தரையில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதற்கான அளவு லக்ஸ். விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளிக்கான அளவு லூமன். 20 வாட் எல்.இ.டி. விளக்கு சுமார் 2,000 லூமன் ஒளி தரும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மீட்டர் உயரத்தில் அதை மாட்டினால் கம்பத்தடியில் 17, 18 லக்ஸ் கிடைக்கும். அங்கே நின்று பேப்பர் படிக்கலாம். அடுத்த விளக்கு 50 மீட்டரில் இருந்தால், இரண்டுக்கும் நட்டநடுவில், இரண்டு விளக்குகளின் ஒளியையும் சேர்த்தே, கிடைப்பது ஏறத்தாழ 0.1 லக்ஸ். வானம் தெளிவாக இருக்கும் பௌர்ணமி நிலவும் தரையில் அந்த அளவு ஒளியைத் தரும்.

இவ்வளவு ஏன் குறைகிறது? தூரம் இரண்டு மடங்கானால் ஒளி கால் பங்காகிறது, இது ஒன்று. தூரத்தில் ஒளி சாய்வாக விழுவதால் அதே ஒளி நீண்ட தரையில் பரவிவிடுகிறது, இது இன்னொன்று. மாலையில் நம் நிழல் நீள்வதும் இந்தச் சாய்வால்தான். இதோடு கண்ணும் சேர்ந்துகொள்கிறது. வெளிச்சத்தில் நின்ற கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும். கம்பத்தடியைத் தாண்டி 20 மீட்டர் நடப்பவருக்கு அந்த நேரம் எங்கே கிடைக்கப்போகிறது? நிலா வெளிச்சத்தில் தெரியும் பள்ளம்கூட அவருக்குத் தெரியாது.

அதனால்தான் "பெரிய பல்பாப் போடுங்க" என்ற கோரிக்கை பலன் தருவதில்லை. 40 வாட் போட்டால் நடுவில் 0.1 என்பது 0.2 ஆகும், அவ்வளவுதான். கண் கூசுவதும் கூடும். அதற்குப் பதிலாக இடையில் இன்னொரு 20 வாட் விளக்கைப் போட்டு இடைவெளியை 25 மீட்டராக்கினால், நடுவில் 1.2 லக்ஸ் வரை கிடைக்கிறது. இரண்டு வழியிலும் மின்சாரம் ஒன்றுதான், பலன் ஆறு மடங்கு. தெருவிளக்குக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1944, போக்குவரத்து குறைந்த சிறு சாலைக்குச் சராசரி 4 லக்ஸ் வேண்டும் என்றும், மிக மங்கலான இடத்தில்கூட சராசரியில் பத்தில் மூன்று பங்கு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பத்தில் மூன்று பங்கு என்பது 1.2 லக்ஸ்தான். ஆனால் கம்பங்களின் இடைவெளியைத் தீர்மானிப்பது வெளிச்சம் அல்ல, கம்பி தொய்யாமல் நிற்கும் தூரம். வீட்டுக்கு மின்சாரம் கொண்டுபோக நட்ட கம்பத்தில் நாம் விளக்கை மாட்டிக்கொள்கிறோம்.

வெளிச்சம் குற்றத்தைக் குறைக்குமா என்று கேட்டால் இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். நியூயார்க்கில் 2016-இல் பொதுக் குடியிருப்பு வளாகங்களில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, கூடுதல் விளக்குகளை வைத்துப் பார்த்தார்கள். வெளியில், இரவில் நடக்கும் பெரிய குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சி அமைப்புகளின் பகுதிகளில், செலவைக் குறைக்க விளக்குகளை அணைத்ததாலும் மங்கச் செய்ததாலும் என்ன ஆனது என்று 2015-இல் வெளியான ஆய்வு பார்த்தது. விபத்தோ குற்றமோ கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. இரண்டும் முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. எத்தனை விளக்கு என்பதைவிட எந்த இடத்து விளக்கு என்பதுதான் கணக்கு என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

அந்த இடத்தை யார் சொல்வது? நடைமுறையில் யார் மனு கொடுக்கிறார்களோ அவர்கள் சொல்வதுதான். மனு கிராம சபையிலோ வார்டு உறுப்பினரிடமோ போகும், ஊராட்சி தீர்மானம் போடும், அப்புறம் மின்வாரியம். மனு எழுதுகிறவர் தன் வீட்டு வாசலைத்தான் எழுதுவார். இரு ஊர்களுக்கு நடுவிலுள்ள பாதைக்கு வாசல் கிடையாது, அதனால் மனுவும் கிடையாது. ஒன்பது மணிக்கு வீடு வந்து சேரும் பெண் பகல் பதினோரு மணிக் கிராம சபைக்கு எப்படி வருவார்?

எங்கள் ஊரில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஓர் அமாவாசை இரவு அந்த அக்காக்களோடு நடந்து, எங்கெங்கே கால் தயங்குகிறது என்று குறித்துக்கொண்டோம். அரை கிலோமீட்டரும் இருட்டுதான், ஆனால் எல்லாரும் சொன்ன இடங்கள் இரண்டே: பாலம், புளியமர வளைவு. ஊருக்குள் ஒரு விளக்கை வேப்பங்கிளை மறைத்துக்கொண்டிருந்ததும் அன்றுதான் கண்ணில் பட்டது. கிளையை வெட்ட ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. பாதை முழுக்கக் கம்பம் நட ஊராட்சியிடம் பணம் இல்லை. இரண்டு இடத்துக்கு மட்டும் என்றதும், அடுத்த அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் நிறைவேறி, எட்டு மாதம் கழித்து இரண்டு சோலார் விளக்குகள் வந்தன. பேட்டரி எத்தனை வருடம் தாங்கும் என்ற கவலை இப்போதே இருக்கிறது.

இப்போதும் அவர்கள் டார்ச் அடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். பாலம் வந்ததும் அணைத்துவிட்டு, பின்னால் வருகிறவர்களுக்காக அங்கே நின்று காத்திருக்கிறார்கள்.