வாங்காமல் விட்ட வரியும் அரசின் செலவுதான்

இராமநாதபுரம் கடற்கரையில் வரி ஆலோசகராகத் தொழில் செய்யும் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: "வரி கட்டுறதெல்லாம் பெரிய ஆளுங்க சார், எங்களுக்கு அரசாங்கம் குடுக்கத்தான் செய்யுது." மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வங்கிக் கணக்கில் ஏறியதா என்று விசாரிக்க வருகிறவர்கள்கூட இதைக் கூச்சத்தோடு சொல்கிறார்கள். அவர்கள் அப்படிக் கூச வேண்டியதில்லை. ஏனெனில் அந்தப் பேச்சே உண்மைக்கு மாறானது.

பாம்பனில் கருவாடு வாங்கி விற்கும் ஒரு பெண்மணியின் கணக்கு நோட்டை எடுத்துக்கொள்வோம். உப்புக்கு ஜிஎஸ்டி இல்லை; சாக்கில் கட்டி விற்கும் நெத்திலிக்கும் காரலுக்கும் இல்லை. (பொட்டலமிட்டு லேபிள் ஒட்டினால் 2022 ஜூலையிலிருந்து 5 விழுக்காடு உண்டு.) ஆனால் அதே நோட்டில் மின்னணுத் தராசு, தார்ப்பாய், பிளாஸ்டிக் பை, செல்பேசி ரீசார்ஜ், வேன் வாடகை என்று வரிசையாகச் செலவுகள் இருக்கின்றன. ரீசார்ஜுக்கே 18 விழுக்காடு வரி. வரியுள்ள பொருளை விற்கும் வணிகர், தான் கொள்முதலில் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளலாம். வரிவிலக்குப் பெற்ற பொருளை விற்பவருக்கு அந்த வழி கிடையாது. ஆகவே தராசுக்குக் கொடுத்த வரி அவருடைய அடக்கவிலையில் அப்படியே தங்கிவிடுகிறது. வேன் வாடகைக்குள் இருக்கும் டீசல் வரியும் அவ்வாறே.

அந்த டீசல் வரி எங்கே போகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. 2022 மே மாதக் குறைப்புக்குப் பின் லிட்டருக்கு 15.80 ரூபாயாக இருந்த மத்தியக் கலால் வரியில், மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய அடிப்படைக் கலால் 1.80 ரூபாய் மட்டுமே. எஞ்சியது செஸ் (தனி நோக்கத்துக்கான மேல்வரி), கூடுதல் வரி என்ற பெயர்களில் வசூலிக்கப்பட்டதால் பகிர்வுக்கு வெளியே நின்றுவிட்டது.

இனி, நான் முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். அரசு பணமாகக் கொடுப்பது கண்ணுக்குத் தெரிகிறது. வாங்காமல் விடும் வரி தெரிவதில்லை. தமிழக அரசு மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தை 8,000 ரூபாயாக உயர்த்தியபோது கரை முழுவதும் அது பேச்சாக இருந்தது. 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில், விற்பனை வரி விலக்குடன் கூடிய டீசல் அளவை விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டரிலிருந்து 19,000 ஆகவும், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டரிலிருந்து 4,400 ஆகவும் உயர்த்தி அறிவித்ததை ரூபாயாக மாற்றிப் பார்த்தவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் டீசல் மீதான மாநில வரி 11 விழுக்காடும் அதற்கு மேல் லிட்டருக்கு 9.62 ரூபாயும் ஆகும். அந்த 9.62 ரூபாயை மட்டும் பெருக்கினாலே ஒரு விசைப்படகுக்கு ஆண்டுக்கு 1,82,780 ரூபாய், ஒரு நாட்டுப்படகுக்கு 42,328 ரூபாய் வருகிறது. கரைவலை இழுப்பவருக்கும் தீவுகளில் பாசி எடுக்கப் போகும் பெண்ணுக்கும் சொந்தப் படகு இல்லையென்றால், இந்த விலக்கு நேராக வந்து சேராது.

விசைப்படகுக்காரர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு எஞ்சியதைப் பங்கு பிரிக்கும் வழக்கத்தில் டீசல் விலை குறைந்தால் கூலியாளின் பங்கும் கூடுகிறது. எனினும், கிடைக்கும் சலுகையின் அளவைத் தீர்மானிப்பது தேவையல்ல, எரிக்கும் லிட்டர் என்பதை மறுக்க முடியாது.

இன்னொரு முரணும் இதில் இருக்கிறது. பாக் நீரிணையில், கடலடியை வாரும் வலையை இழுக்கும் இழுவைமடி விசைப்படகுகளைக் குறைப்பதற்காக 2017-இல் ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் தொடங்கப்பட்டது. அப்போது 80 லட்சம் ரூபாய் மதிப்பிட்ட ஒரு படகுக்கு மத்திய அரசு 40 லட்சமும் மாநில அரசு 16 லட்சமும் மானியம் தருவதாக இருந்தது. 16 லட்சம் வங்கிக் கடன், 8 லட்சம் பயனாளியின் கைப்பணம். இழுவைமடியை விட்டு வெளியேறப் பொதுப்பணம் ஒரு பக்கம் செலவாகும்போது, அதே தொழிலில் தொடர்வதற்கான எரிபொருளுக்கும் பொதுப்பணமே சலுகையாகிறது. ஒன்று பட்ஜெட்டில் செலவாகப் பதிவாகிறது, மற்றது வராத வரவாக நின்றுவிடுகிறது. இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்காமல் எது பயன் தந்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

மத்திய அரசு 2006-07 பட்ஜெட் முதல், வரிச் சலுகைகளால் இழக்கும் வருவாய்க்கு ஓர் அறிக்கையை வெளியிட்டு வருகிறது. அதுபோன்ற கணக்கை நம் மாவட்ட அளவிலும் கேட்கலாம். மீனவர் குறைதீர் கூட்டத்துக்குச் செல்லும் சங்க நிர்வாகிகள், டீசல் அளவை உயர்த்தக் கோரும் மனுவோடு இன்னொரு மனுவும் கொடுக்க வேண்டும் என்று வேண்டுகிறேன்: கடந்த ஆண்டு வரிவிலக்கு டீசல் எந்த இறங்குதளத்தில் எத்தனை லிட்டர் வழங்கப்பட்டது, அதற்காக அரசு விட்டுக்கொடுத்த வரி எவ்வளவு, அதே ஊரில் படகில்லாத குடும்பங்களுக்குச் சென்ற தொகை எவ்வளவு.