உழைக்கிற உடம்புக்கும் பிரஷர் வரும்

கிடங்கில் மூட்டை இறக்கும் தொழிலாளி ஒருவர் வந்திருந்தார். ரத்த அழுத்தம் 170/100. நான் மாத்திரை எழுதிக்கொண்டிருக்கும்போதே கூட வந்த மருமகன் சிரித்தார். "மாமா செய்கிற வேலைக்கு ஜிம்மே தோற்றுப்போகும் டாக்டர், இவருக்கு எப்படிப் பிரஷர்?" இந்த மாதத்தில் நான்காவது முறையாக இதே கேள்வி.

ஜிம்மில் எடை தூக்குகிறவர் மூச்சு வாங்கினால் கீழே வைத்துவிடுவார், தம்பி. உடம்பு வலித்தால் மறுநாள் போக மாட்டார். உங்கள் மாமா கீழே வைத்தால் கூலி குறையும். மூச்சைப் பிடித்துத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் எகிறுகிறது. நாள் முழுக்கத் துடிப்பு சற்று ஏறியே இருக்கிறது. இதயத்தைப் பலப்படுத்தும் அளவுக்கு ஏறுவதும் இல்லை, ஓயவும் விடுவதில்லை. இரவில் அது தணிந்து முடிப்பதற்குள் அடுத்த ஷிப்ட். இதை உடற்பயிற்சி என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இந்த நம்பிக்கையை வளர்த்ததில் எங்கள் துறைக்கும் பங்குண்டு. 1953இல் லண்டன் மாடி பஸ்களை ஆராய்ந்த ஜெர்ரி மோரிஸ், உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர்களைவிடப் படியேறி இறங்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று காட்டினார். அதையே பிடித்துக்கொண்டோம். 2021இல் கோபன்ஹேகனிலிருந்து வந்த ஆய்வு, ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரைச் சுமார் 10 ஆண்டுகள் கவனித்தது. ஓய்வு நேரத்தில் உடலை இயக்கியவர்களுக்கு இதயநோய் ஆபத்து குறைந்திருந்தது; வேலையில் கடுமையாக இயங்கியவர்களுக்குக் கூடியிருந்தது. புகைப்பழக்கம், சமூகப் பொருளாதார நிலை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். (வறுமையின் பாதிப்பை முழுதாகக் கழித்துவிட முடியுமா என்று எங்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை.)

சக மருத்துவர்களே, இரண்டு இடங்களில் தரை துடைத்துவிட்டு வரும் பெண்ணிடம் "தினமும் 45 நிமிடம் நடங்கள்" என்று சொல்லுமுன் அவர் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று கேளுங்கள்.

மேற்பார்வையாளர்களே, எல்லா வசதியும் கச்சிதமாக அமைந்தால்கூட ஒருவர் தூக்க 23 கிலோதான் உச்சம் என்கிறது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம். 50 கிலோ மூட்டைக்குத் தள்ளுவண்டி வாங்குங்கள். நடுவே உட்காருகிறவரை முறைக்காதீர்கள்.

உழைக்கிறவர்களுக்கு: தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள், சுமையை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். வலி இல்லாவிட்டாலும் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். வேலையின்போது நெஞ்சு இறுகினால் தயவுசெய்து "வாயு" என்று சொல்லிவிட்டு ஷிப்டை முடிக்காதீர்கள். மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு அப்போதே மருத்துவமனைக்கு வாருங்கள்.