பேஸ்: கட்டைக்குரலும் அடிநாதமும்

தமிழில் ‘பேஸ்’ என்று எழுதினால் இரண்டு ஆங்கிலச் சொற்கள் ஒரே உருவில் வந்து நிற்கும். ஒன்று அடித்தளம், மற்றது இசையின் தாழ்ந்த ஒலி. ஆங்கிலத்திலும் உச்சரிப்பு ஒன்றுதான், பிறப்புதான் வேறு. அடித்தளச் சொல்லுக்கு மூலம் ‘பாசிஸ்’ என்ற கிரேக்கச் சொல். காலடி, பீடம் என்று அதற்குப் பொருள். இசைச் சொல்லோ பிற்கால லத்தீனின் ‘பாஸுஸ்’: குட்டையான, தடித்த, தாழ்ந்த. இத்தாலிய மொழியில் அது ‘பாஸோ’. ஆங்கில எழுத்துக்கூட்டலில் இன்றும் அந்தச் சாயல் இருக்கிறது. இந்த இசைச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குட்டையாகவும் தடிமனாகவும் இருப்பதை நாம் எப்படிச் சொல்வோம்? கட்டை. ‘ஆள் கொஞ்சம் கட்டை’ என்போம். கனத்த, தாழ்ந்த குரலையும் கட்டைக்குரல் என்கிறோம். லத்தீனுக்கும் தமிழுக்கும் உறவு எதுவும் இல்லை. இருந்தும் இரண்டு மொழிகளும் ஒரே உருவத்தைக் கொண்டே அந்த ஒலியைப் பிடித்திருக்கின்றன. எனக்கு இது தீராத வியப்பு. ‘ஐந்து கட்டை சுருதி’ என்பதில் வரும் கட்டை வேறு பொருள், அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பழந்தமிழ் இசை இலக்கணத்தில் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று நிலைகள் உண்டு. மெலிவுதான் மந்தர நிலை, அதாவது தாழ்ந்த ஒலி. இலக்கணப்படி சரியான சொல்தான். ஆனால் இன்றைய காதுக்கு மெலிவு என்றால் இளைத்துப்போன ஒலி. ஜாஸ் கலைஞர் ரே பிரவுன் பேஸ் மீட்டுவதைக் கேட்டுவிட்டு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

1926இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர் ரே பிரவுன். ஆஸ்கர் பீட்டர்சனின் பியானோவுக்குப் பக்கத்தில் சுமார் 15 ஆண்டுகள் டபுள் பேஸ் வாசித்தார். ஆளுயரத்துக்கு நிற்கும், வயலின் போன்ற வாத்தியம் அது. பின்னால் சொந்தமாக ஒரு மூவர் குழுவை நடத்தினார். அந்தக் குழு 1988இல் கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில், லோவா என்ற கிளப்பில் வாசித்த நேரடிப் பதிவு இருக்கிறது. பியானோவில் ஜீன் ஹாரிஸ், டிரம்ஸில் ஜெஃப் ஹாமில்டன். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். டபுள் பேஸின் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. சின்ன ஸ்பீக்கரில் அது வெளியே வராது, விரல் தந்தியைச் சுண்டும் ‘டக்’ மட்டும்தான் மிஞ்சும். நல்ல ஹெட்போனில் அந்த ‘டக்’குக்குப் பின்னால் ‘தூம்’ என்று ஒரு வட்டம் விரியும். அது அடங்குவதற்குள் அடுத்த சுரம் வந்து நிற்கும்.

நாலு எண்ணிக்கைக்கு நாலு சுரம், எண்ணிக்கைக்கு ஒன்றாக. இதை ஜாஸ்காரர்கள் ‘வாக்கிங் பேஸ்’ என்கிறார்கள். ‘நடை’ என்று பெயர்க்கலாம்தான். ஆனால் சதுரசிர நடை, திசிர நடை என்று நம் தாளத்தில் அந்தச் சொல் ஏற்கனவே வேறு வேலையில் இருக்கிறது. அப்புறம் என்ன செய்வது?

‘அடிநாதம்’ இருக்கிறது. ‘இந்தக் கதையின் அடிநாதம் தாய்ப்பாசம்’ என்று நாம் எழுதி எழுதி, அது இசைச் சொல் என்பதையே மறந்துவிட்டோம். ‘அடி’ என்றால் கீழ்ப்பகுதி. எடுத்து வைக்கும் அடியும் அதுதான், தாளத்தின் அடியும் அதுதான். பியானோ எத்தனை குறும்பு செய்தாலும் ரே பிரவுன் கீழே அடிமேல் அடி வைத்துப் போய்க்கொண்டே இருக்கிறார். அந்த ஒரே சொல்லில் அவர் வேலை முழுக்க அடங்கிவிடுகிறது. லத்தீனின் ‘பாஸுஸ்’ கட்டைக்குரலில் கிடைத்தது என்றால், கிரேக்கத்தின் ‘பாசிஸ்’ இங்கே கிடைக்கிறது.

வாத்தியத்தின் பெயரை மட்டும் மாற்ற எனக்கு மனமில்லை. செல்லோ வாசித்த வரிசையையே ஒரு ஸ்தாயி கீழிறக்கி இரட்டித்து வாசித்ததால் வந்தது அந்த ‘டபுள்’. வயலினை வயலின் என்றே சொல்கிறோம், இதையும் டபுள் பேஸ் என்றே சொல்லலாம். 2002 ஜூலை 2 அன்று, இண்டியானாபொலிஸில் கோல்ஃப் ஆடிவிட்டு, அன்றைய கச்சேரிக்கு முன் கொஞ்சம் கண்ணயர்ந்த ரே பிரவுன் எழுந்திருக்கவே இல்லை. லோவா பதிவில் அவருடைய அடிநாதம் கேட்கிறது, சுற்றிலும் கைதட்டலோடு.